விஷமுறிவு மருந்தின் வீரியமும் மரபணுக்களின் சான்றும்

மருந்துப் புட்டிகளின்மேல் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டுக்களைக் கூர்ந்து நோக்கினால், அவற்றில் அச்சிடப்பட்டுள்ள எண்கள் இருவகைப்படுவதைக் காணலாம். காய்ச்சல் மாத்திரையின் சீட்டில் 500 மில்லிகிராம் என்று எடை குறிக்கப்பட்டிருக்கும். பாம்புக்கடிக்குரிய விஷமுறிவு மருந்தின் சீட்டிலோ, ஒரு மில்லிலிட்டர் மருந்து இன்ன பாம்பின் விஷத்தில் இத்தனை மில்லிகிராமை முறிக்கும் என்று எழுதப்பட்டிருக்கும். முன்னது பொருளின் அளவு. பின்னது அதன் வீரியம்.

இவ்வேறுபாடு உயிரைப் பற்றியது. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரையுள்ள 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்றும், சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர் என்றும் 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் பெரும்பாலோர் கிராம மக்கள். பாலக்காட்டுக் கணவாயின் வயல்வெளிகளிலும், மறையூர், மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, குமுளி முதலிய இடுக்கி மாவட்டத்து எல்லைப்புற ஊர்களிலும் பணியாற்றும் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் இவ்வபாயம் புதிதன்று. ஒரே புட்டியிலுள்ள மருந்து கணவாயின் வயலில் உயிரைக் காக்கிறது. மலைத்தோட்டத்தில் கடித்த பாம்பு வேறாயின் பயனற்றுப் போகிறது. இஃது ஏன் நிகழ்கிறது, வீரியம் எவ்வாறு அளக்கப்படுகிறது, பாம்பின் மரபணுக்களைப் பற்றிய புதிய ஆராய்ச்சி இதில் எவ்வாறு துணை செய்யக்கூடும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடையும் வீரியமும்

காய்ச்சல் மாத்திரையிலுள்ள பாரசிட்டமால் தனியொரு ரசாயனப் பொருள். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் மற்றொன்றை முற்றிலும் ஒத்தது. ஆதலின் அதனைத் தராசில் நிறுத்தால் போதும். உயிர்களிடமிருந்து பெறப்படும் மருந்துகளின் நிலை வேறு. ஸீரம் போன்ற மருந்துகள் பற்பல பொருள்களின் கலவை. அவற்றுள் வேலை செய்வது எது, சும்மா இருப்பது எது என்று தராசு கூறாது. எனவே, அம்மருந்து ஓர் உயிரினிடத்தில் என்ன விளைவை உண்டாக்குகிறது என்று கண்டு, அவ்விளைவைக் கொண்டே அதன் வீரியத்தை வரையறுக்க வேண்டியுள்ளது. இம்முறையை உயிரளவை எனலாம். தொண்டையடைப்பான் நோய்க்குரிய ஸீரத்தை இவ்வாறு வரையறுக்கும் வழியை ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் 1897ஆம் ஆண்டில் வகுத்தார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட தொடக்க காலத்தில், முயலின் இரத்தத்திலுள்ள சர்க்கரையை அது எவ்வளவு குறைக்கிறது என்பதைக் கொண்டே அதன் அலகு வகுக்கப்பட்டது.

உயிரளவையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. உயிர்கள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. ஒரு சுண்டெலியைக் கொல்லும் விஷம் மற்றொன்றைக் கொல்லாது விடலாம். இவ்விடர்ப்பாட்டை நீக்கும் வழியை 1927ஆம் ஆண்டில் ஆங்கிலேய விஞ்ஞானி டிரெவன் எடுத்துரைத்தார். எல்லாவற்றையும் கொல்லும் அளவைத் தேடாமல், பாதியைக் கொல்லும் அளவைத் தேடுக என்பதே அவர் கூறிய வழி.

இதன் பொருத்தத்தை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே காட்டலாம். 40 மாணவர் உள்ள வகுப்பில், கையை உயர்த்திச் சுவரை எவ்வளவு உயரம் தொடுகின்றனர் என்று குறித்துக்கொள்க. அனைவரும் தொடக்கூடிய உயரம், மிகக் குள்ளமான ஒரே மாணவனைப் பொறுத்தது; அவன் வராத நாளில் அவ்வெண் மாறிவிடும். ஒருவரும் தொட இயலாத உயரமும் அவ்வாறே மிக நெட்டையான ஒருவனைப் பொறுத்தது. பாதிப் பேர் தொடக்கூடிய உயரமோ, இருவர் மூவர் வராதிருப்பினும் அதிகம் மாறாது. விஷத்தின் கொடுமையையும் மருந்தின் வீரியத்தையும் பாதிக் கணக்கில் கூறுவதன் காரணம் இதுவே.

ஸீரம் தோன்றிய வரலாறு

பாம்பு விஷத்தைச் சிறிது சிறிதாகப் பிராணிகளுக்கு ஏற்றினால், அவற்றின் இரத்தத்தில் அவ்விஷத்தை முறிக்கும் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன என்பதைப் பிரான்சு நாட்டில் கால்மெட் என்பவரும், தனித்து ஆராய்ந்த பிசாலிக்ஸ், பெர்த்ராண் என்ற இருவரும் 1894ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கால்மெட் நல்லபாம்பின் விஷத்தைக் கொண்டு ஸீரம் தயாரித்தார். அந்த ஸீரம் எல்லாப் பாம்புகளுக்கும் பயன்படும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் எழுந்தது.

அந்நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. கால்மெட்டின் ஸீரம் தம் நாட்டுப் பாம்புகளின் விஷத்தை முறிப்பதில்லை என்று பிரேசில் நாட்டு மருத்துவர் விட்டால் பிரேசில் கண்டு, அந்நாட்டுப் பாம்புகளுக்கென்றே தனி ஸீரங்களைத் தயாரித்தார். நம் நாட்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஜார்ஜ் லாம் என்ற மருத்துவ அதிகாரி, நல்லபாம்புக்குரிய ஸீரம் கண்ணாடி விரியனின் விஷத்துக்குப் பயன்படாது என்பதைப் பரிசோதனைகளால் நிலைநாட்டினார். ஒரு பூட்டுக்குச் செய்த சாவி மற்றொரு பூட்டைத் திறப்பதில்லை. எதிர்ப்பொருளும் எந்தப் புரதத்தை எதிர்த்து உண்டாயிற்றோ அதனையும், அதன் வடிவை நெருங்கிய பிறவற்றையும் மட்டுமே பற்றும்.

இதனால், நம் நாட்டில் பெருந்தீங்கு விளைவிக்கும் நான்கு பாம்புகளின் விஷங்களையும் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து ஒரே கூட்டு மருந்து தயாரிக்கும் முறை வழக்கத்திற்கு வந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்பவை அந்நான்கு. இம்மருந்துக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளாக அளித்து வந்திருப்பது, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கமாகும்.

வீரியம் அளக்கப்படும் முறை

முதலில், குறிப்பிட்ட விஷத்தின் எவ்வளவு பகுதி சுண்டெலிகளுள் பாதியைக் கொல்லும் என்று காண்பர். பின்னர் அதனைப்போல் சில மடங்கு விஷத்தை எடுத்துக்கொண்டு, பல குழாய்களில் வெவ்வேறு அளவு மருந்துடன் கலப்பர். மனித உடலின் வெப்பமாகிய 37 டிகிரியில் அரைமணி நேரம் வைத்திருந்தபின், அக்கலவையைச் சுண்டெலிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்துவர். எந்த அளவு மருந்து கலந்தபோது பாதிச் சுண்டெலிகள் பிழைக்கின்றனவோ, அவ்வளவைக் கொண்டு மருந்தின் வீரியம் கணக்கிடப்படும்.

இந்திய மருந்துத் தரநூலின்படி நான்கினக் கூட்டு மருந்தின் ஒரு மில்லிலிட்டர் முறிக்கவேண்டிய விஷத்தின் அளவு வருமாறு:

நல்லபாம்பு: 0.60 மில்லிகிராம்
கட்டுவிரியன்: 0.45 மில்லிகிராம்
கண்ணாடி விரியன்: 0.60 மில்லிகிராம்
சுருட்டை விரியன்: 0.45 மில்லிகிராம்

ஒரு புட்டியில் 10 மில்லிலிட்டர் மருந்து உண்டு. ஆகவே ஒரு புட்டி, கண்ணாடி விரியனின் விஷத்தில் 6 மில்லிகிராமை முறிக்கும். அப்பாம்பு ஒரு கடியில் செலுத்தும் விஷம் சராசரியாக 63 மில்லிகிராம் என்று பர்மாவில் நடைபெற்று 1986ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. 63ஐ 6ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10 வரும். மருத்துவமனைகளில் முதல் தவணையாக 8 முதல் 10 புட்டிகள் வரை ஏற்றப்படுவதன் அடிப்படை இக்கணக்கேயாகும். சராசரிக்கு மேற்பட்ட விஷம் ஏறியிருந்தால் மேலும் சில புட்டிகள் தேவைப்படும்.

குழந்தைக்கு மருந்தைக் குறைத்துக் கொடுக்கலாகாதா என்று பெற்றோர் வினவுவது உண்டு. குறைக்கலாகாது. பிற மருந்துகள் நோயாளியின் எடைக்கேற்ப அளிக்கப்படுகின்றன. இம்மருந்து உடலில் ஏறிய விஷத்திற்கேற்ப அளிக்கப்படுகிறது. பாம்பு, சிறுவன் என்று கருதி விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை.

இவ்வளவையின் வரம்புகளையும் மனத்திற் கொள்ளவேண்டும். பரிசோதனையில் விஷமும் மருந்தும் முன்னரே கலக்கப்படுகின்றன; நோயாளியிடத்திலோ விஷம் முன்னே சென்று பரவிவிட, மருந்து பின்தொடர்ந்து செல்கிறது. இரத்தத்தில் உலவும் விஷத்தை மருந்து பற்றும்; அதற்குள் சிதைந்துவிட்ட தசையையோ பழுதுற்ற சிறுநீரகத்தையோ அது மீட்டுத் தராது. தாமதம் ஆக ஆக, சீட்டில் எழுதிய வீரியத்தில் பயனாவது குறைந்துகொண்டே போகும். இவற்றினும் இக்கட்டுரைக்கு முக்கியமான வரம்பு ஒன்று உண்டு: சீட்டிலுள்ள எண் எந்த விஷத்தை எதிர்த்து அளக்கப்பட்டதோ, அந்த விஷத்துக்கே பொருந்தும். ஒரே இனப் பாம்பாயினும் இடத்திற்கு இடம் விஷத்தின் கூறுகள் மாறுபடுகின்றன என்றும், அதனால் மருந்தின் பயனும் மாறுபடுகிறது என்றும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளரும் பிறரும் அண்மை ஆண்டுகளில் காட்டியுள்ளனர்.

கணவாயும் மலையும்

இவ்வரம்பு எல்லைப்புறங்களில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை இனிக் காண்போம். பாலக்காட்டின் கிழக்குப் பகுதியாகிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய இடங்கள் மழை குறைந்த சமவெளி. பொள்ளாச்சிப் பக்கத்து நிலத்தை ஒத்த இவ்விடங்களில் நெல்வயலும் எலிவளையும் உள்ளன. அவற்றைத் தேடிவரும் நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் உள்ளன. நான்கினக் கூட்டு மருந்து இவற்றுக்கென்றே அமைந்தது.

இடுக்கியின் மலைத்தோட்டங்களில் நிலைமை மாறுகிறது. ஏலம், காப்பி, தேயிலை பயிராகும் ஈரம் மிக்க சரிவுகளில் குழிவிரியன்கள் வாழ்கின்றன. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையில் வெப்பத்தை உணரும் ஒரு குழி அமைந்திருத்தலின் இவற்றுக்கு அப்பெயர் ஏற்பட்டது. இவற்றுள் கருதத்தக்கது, மூக்கின் நுனி திமில் போல் மேலெழுந்திருக்கும் சிறிய பாம்பு. மலையாளத்தார் இதனை முழமூக்கன் குழிமண்டலி என்பர். நாம் திமில்மூக்கு விரியன் என்போம். அரை மீட்டர் நீளத்தைப் பெரும்பாலும் எட்டாத இப்பாம்பு, உதிர்ந்த சருகின் நிறத்துடன் சருகினூடே சுருண்டு கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலுமே இவ்வினம் காணப்படுகிறது. இலங்கையில் பாம்புக்கடிகளுள் மிகப் பலவற்றுக்குக் காரணமாக இருப்பதும் இதுவே.

இப்பாம்பின் கடி வீக்கத்தோடும் வலியோடும் நின்றுவிடும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கேரளத்தில் ஆராயப்பட்டு 2007ஆம் ஆண்டில் வெளியான மருத்துவ அறிக்கை அக்கருத்தை மாற்றியது. பாம்பின் இனம் ஐயமின்றி உறுதி செய்யப்பட்ட நோயாளிகளிடத்தில், இரத்தம் உறையாமை, சிறுநீரகம் பழுதுறல் ஆகிய கொடிய விளைவுகள் நேர்ந்ததை அது எடுத்துக்காட்டியது. இப்பாம்பு சுருட்டை விரியன் என்று தவறாக அடையாளம் காணப்படுவதையும், அதனால் நான்கினக் கூட்டு மருந்து ஏற்றப்படுவதையும், அதனால் பயன் விளையாததையும் அவ்வறிக்கை விளக்கியது.

பயனற்ற மருந்து தீங்கற்றதன்று. குதிரையின் ஸீரத்திலிருந்து வந்த அன்னியப் புரதம் ஆதலின், இம்மருந்து சிலருக்கு மூச்சுத்திணறலையும் இரத்த அழுத்தம் வீழ்வதையும் உண்டாக்கி உயிருக்கே அபாயம் தரக்கூடும். நல்லபாம்பு கடித்தவருக்கு மருத்துவர் இவ்வபாயத்தை ஏற்றுக்கொள்வது முறையே. உயிர் பிழைக்க வேறு வழி இல்லை. திமில்மூக்கு விரியன் கடித்தவருக்கோ, நன்மை இல்லாமல் அபாயம் மட்டும் எஞ்சுகிறது. புட்டிகளும் வீணாகின்றன.

பெயர்க் குழப்பமும் இதனோடு சேர்கிறது. எல்லைப்புறத்தில் தமிழ்ப் பெயரும் மலையாளப் பெயரும் ஒருங்கே வழங்குகின்றன. கண்ணாடி விரியனை மலையாளத்தில் அணலி என்பர். சுருட்டை, மண்டலி, விரியன் ஆகிய சொற்கள் பல பாம்புகளுக்குப் பொதுவாகப் பேச்சில் வழங்குகின்றன. எனவே, பெயரை மட்டும் எழுதிக்கொண்டு நோயாளியை அனுப்புவது போதாது. பாம்பின் நீளம், நிறம், தலையின் வடிவு, கண்ட இடம் ஆகியவற்றையும் எழுதியனுப்புதல் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

நகல்களை எண்ணும் முறை

ஒரு விஷத்துக்கு ஏற்ற மருந்து வேண்டுமாயின், அவ்விஷத்தில் என்னென்ன உள்ளன என்பது தெரியவேண்டும். விஷம் தனியொரு பொருள் அன்று; பல நச்சுப்புரதங்களின் கலவை. நரம்பைத் தாக்குவது ஒன்று, இரத்த உறைவைக் குலைப்பது ஒன்று, தசையை அழிப்பது ஒன்று என அவை தொழிலாற் பிரிவன. இவற்றின் முழுப் பட்டியலைப் பெறுதற்கு மரபணு ஆராய்ச்சி புதிய வழியைத் திறந்துள்ளது.

அரசாங்க அலுவலகம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மூல ஆவணங்கள் யாவும் பதிவறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒரு பிரிவுக்கு எந்த ஆவணம் தேவையோ, அதன் நகல் மட்டும் அப்பிரிவுக்கு அனுப்பப்படும். எந்தப் பிரிவில் எந்த ஆவணத்தின் நகல்கள் எத்தனை உள்ளன என்று எண்ணினால், அங்கே என்ன வேலை நடைபெறுகிறது என்று ஊகிக்கலாம். உயிரணுவின் அமைப்பும் இதனை ஒத்ததே. பாம்பின் ஈரலிலும் தோலிலும் விஷச்சுரப்பியிலும் உள்ள உயிரணுக்கள் யாவற்றிலும் ஒரே மரபணுத் தொகுதி இருக்கிறது. ஆயினும் விஷச்சுரப்பியில் மட்டும் நச்சுப்புரதங்களுக்குரிய மரபணுக்கள் பெருமளவில் நகலெடுக்கப்படுகின்றன. இந்நகல்களுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். எந்த மரபணு எவ்வளவு நகலெடுக்கப்படுகிறது என்ற வடிவமே மரபணு வெளிப்பாடு எனப்படுகிறது.

நகல்களை எண்ணுவதற்கு ஏற்ற காலமும் உண்டு. விஷத்தைக் கறந்து எடுத்தபின் சுரப்பி மீண்டும் அதனை நிரப்ப முற்படும். கறந்த மூன்று நான்கு நாட்களில் நகலெடுக்கும் வேலை உச்சத்தை அடையும். ஆராய்ச்சியாளர் அந்நாட்களையே தேர்ந்தெடுக்கின்றனர்.

இவ்வகை ஆராய்ச்சிகளுள் நமக்கு மிக நெருங்கியது நல்லபாம்பைப் பற்றியதாகும். இந்திய ஆராய்ச்சியாளரும் அயல்நாட்டாரும் சேர்ந்து நடத்தி 2020ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், அப்பாம்பின் மரபணுத் தொகுதி முழுவதும் வரிசைப்படுத்தப்பட்டது. அதில் கண்ட 23,248 மரபணுக்களுள் 12,346 விஷச்சுரப்பியில் வெளிப்படுகின்றன. அவற்றுள் 139 மரபணுக்கள் 33 நச்சுக் குடும்பங்களைச் சேர்ந்தவை. பிற உறுப்புகளில் உள்ள நகல்களோடு ஒப்பிட்டு நோக்கியபோது, அந்த 139இலும் 19 மட்டுமே விஷச்சுரப்பிக்கே உரியனவாக நின்றன. விஷத்தின் கொடுமைக்கு இன்றியமையாத அடிப்படைக் கூறுகள் இவையாகலாம் என்பது அவ்வாராய்ச்சியாளர் கருத்து. 23,248 என்ற பெருந்தொகை 19 என்ற சிறு பட்டியலாகச் சுருங்கியதே இம்முறையின் பயன். மருந்து செய்வோர் எவற்றை முதலில் முறிக்கவேண்டும் என்பதற்கு அது ஒரு வழிகாட்டி.

எண்ணிக்கை கூறுவதும் கூறாததும்

நகல்களின் எண்ணிக்கையே மருந்தின் வீரியம் என்று முடிவு கட்டிவிடலாகாது. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, நகல்கள் பல இருப்பினும் அவற்றிலிருந்து உண்டாகும் புரதம் அதே விகிதத்தில் இருப்பதில்லை. ஆகவே விஷத்திலுள்ள புரதங்களையும் நேரே ஆராயவேண்டும். திமில்மூக்கு விரியனைப் பொறுத்தவரை இப்பணி தொடங்கியுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் அவ்வினத்தின் விஷப்புரதங்களைக் கேரளத்திலுள்ள அமிர்த விசுவ வித்யாபீடத்தைச் சேர்ந்தோர் ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இரண்டாவது, மிகுதியாக இருக்கும் புரதமே மிகக் கொடியது என்று கூற இயலாது. அளவிற் சிறிய நச்சுப்புரதம் ஒன்று பெருந்தீங்கு விளைவிக்கக்கூடும். நல்லபாம்பின் விஷத்திலுள்ள நரம்புநச்சுக்கள் உருவில் மிகச் சிறியவை. அச்சிறுமையினாலேயே குதிரையின் உடல் அவற்றை எதிர்த்து வலிய எதிர்ப்பொருளை எளிதில் உண்டாக்குவதில்லை. குதிரையினின்று பெற்ற எதிர்ப்பொருள்களுள் சிறுபகுதியே விஷத்தைப் பற்றுவது. எஞ்சியவை அக்குதிரை தன் வாழ்நாளில் எதிர்கொண்ட பிற கிருமிகளுக்குரியவை.

மூன்றாவது, மருந்து ஒரு புரதத்தைப் பற்றுவது வேறு, அதன் தீங்கை முறிப்பது வேறு. பற்றியும் முறிக்காமல் விடுவது உண்டு. ஆதலின் வீரியத்தை இறுதியாக உறுதி செய்வதற்கு இன்றும் உயிரளவையே வேண்டப்படுகிறது.

அவ்வாறாயின் மரபணுச் சான்றினால் பயன் யாது? அளவையின் ஒரு தரப்பை அது தெளிவாக்குகிறது. வீரியம் என்பது மருந்துக்கும் விஷத்துக்கும் இடையிலுள்ள உறவு. இதுகாறும் விஷம் என்ற தரப்பு ஒரு குழாயிலுள்ள மஞ்சள் நிறத் திரவமாகவே கருதப்பட்டது. இனி அதனைப் பெயரிட்ட கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மருந்து முறிக்கிறதா என்று தனித்தனியே சோதிக்கலாம். எந்தக் கூறு தப்பிவிடுகிறது என்பது தெரிந்தால், அதற்குரிய எதிர்ப்பொருளைச் சேர்க்கலாம். சுண்டெலிகளின் எண்ணிக்கையையும் குறைக்கலாம்.

பயன் தரத் தொடங்கிய சான்றும் உண்டு. நல்லபாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் குடும்பத்துக்குரிய நரம்புநச்சுக்களுள் ஒரு வகையை முறிக்கும் ஓர் எதிர்ப்பொருள், குதிரையின் துணையின்றி ஆய்வகத்திலேயே உருவாக்கப்பட்டது. அமெரிக்க ஆராய்ச்சியாளருடன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் பங்குகொண்ட அவ்வாய்வு 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியாயிற்று. சுண்டெலிகளில் நற்பயன் கண்ட அவ்வெதிர்ப்பொருள் விரியன்களுக்கு உதவாது. அவற்றின் விஷம் பிற கூறுகளால் ஆனது. திமில்மூக்கு விரியனையும் உட்படுத்திய குதிரை ஸீரம் ஒன்றை இலங்கையின் தேவைக்கெனக் கோஸ்டா ரிக்கா நாட்டுக் கிளோடோமிரோ பிகாடோ நிலையத்தார் தயாரித்துச் சோதித்தனர். அம்முடிவுகள் 2016ஆம் ஆண்டில் வெளிவந்தன. இவ்வினத்தின் விஷத்தை முறிக்கும் மருந்து செய்யக்கூடியதே என்பது இதனால் விளங்கும்.

பிற மருந்துகளிலும் இம்முறை

மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு வீரியத்தை நேராகவே அளக்கும் மருந்துகளும் உள்ளன. வைரஸ் நோய்களுக்கு வழங்கப்படும் இன்டர்பெரான் அவற்றுள் ஒன்று. இம்மருந்து உயிரணுவை அடைந்ததும் சில மரபணுக்களை விழிக்கச் செய்கிறது. மின்மினிப் பூச்சியின் ஒளி தரும் மரபணுவை அவற்றோடு இணைத்து வைத்தால், மருந்தின் வீரியத்துக்கேற்ப உயிரணு ஒளிவிடும். அவ்வொளியை அளந்தால் வீரியம் விளங்கும்.

அமெரிக்காவிலுள்ள பிராட் நிலையத்தார் 2006ஆம் ஆண்டில் 164 மருந்துப் பொருள்களை மனித உயிரணுக்களுக்கு அளித்து, ஒவ்வொன்றும் உண்டாக்கும் மரபணு வெளிப்பாட்டு வடிவத்தைத் தொகுத்தனர். 2017ஆம் ஆண்டில் அத்தொகுப்பு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்களாக விரிந்தது. அங்ஙனம் விரிக்கையில் 978 மரபணுக்களை மட்டும் அளந்து ஏனையவற்றைக் கணித்தனர். மருந்தின் அளவைப் படிப்படியாக உயர்த்தி, எந்த அளவில் வடிவம் மாறத் தொடங்குகிறது என்று கண்டால் அதுவும் வீரியத்தின் ஓர் அளவையாகும். இவ்வழி நேரே உயிரணுவில் செயற்படும் மருந்துகளுக்கு ஏற்றது. விஷமுறிவு மருந்து உயிரணுவில் செயற்படாமல் விஷத்தையே பற்றுவதால், அதன் பொருட்டு நகல்களை எண்ணவேண்டிய இடம் பாம்பின் சுரப்பியாகும்.

களத்தில் கவனிக்கத்தக்கவை

நோயாளியின் படுக்கை அருகிலேயே செய்யத்தக்க எளிய அளவை ஒன்று உண்டு. நோயாளியின் இரத்தத்தில் இரண்டு மில்லிலிட்டரை, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைக்கவேண்டும். பிறகு குழாயைச் சாய்த்தால் இரத்தம் உறைந்து நிற்கவேண்டும். உறையாமல் ஓடினால், விரியனின் விஷம் இரத்த உறைவைக் குலைத்துள்ளது என்று கொள்ளலாம். பிளாஸ்டிக் குழாயும் சோப்புத்தூள் இட்டுக் கழுவிய குழாயும் இதற்கு உதவா. அவற்றில் நல்ல இரத்தமும் உறையாதிருக்கும். மருந்து ஏற்றி 6 மணி நேரத்துக்குப்பின் இச்சோதனையை மீண்டும் செய்வர். மருந்து போதிய அளவு ஏற்றியும் இரத்தம் நாட்கணக்கில் உறையாதிருப்பின், கடித்தது மருந்துக்கு உட்படாத பாம்போ என்று மருத்துவர் ஆராய்வதற்கு அது ஒரு குறிப்பாகும்.

திரவ மருந்தை 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் வைக்கவேண்டும். உலர்தூள் மருந்து குளிர்சாதனம் இல்லாத இடங்களுக்கு ஏற்றது. அதனை நீரில் கரைக்கும்போது மெல்லச் சுழற்றவேண்டும்; வேகமாகக் குலுக்கினால் நுரை எழுந்து புரதம் கெடும்.

பள்ளியிலோ தோட்டத்திலோ பாம்பு கடித்தால், கடியுண்டவரை நடக்கவிடாமல், கடித்த உறுப்பை அசையாமல் வைத்து, மருந்தும் மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லவேண்டும். இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகியவை தீங்கையே விளைக்கும். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ முயன்று மற்றொருவர் கடிபடுவதும் உண்டு. எட்ட நின்று கைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் அதுவே போதும். முடியாவிடில் அதன்பொருட்டுத் தாமதிக்கலாகாது. பாம்பு தென்படும் இடங்களில் அதனை அகற்றுவதற்குக் கேரள வனத்துறை 2020ஆம் ஆண்டு முதல் சர்ப்பா என்ற கைபேசிச் செயலி வழியாகப் பயிற்சி பெற்றோரை அனுப்புகிறது.

கடித்த நேரம், இடம், பாம்பின் அடையாளம், மருத்துவமனையை அடைந்த நேரம், ஏற்றிய புட்டிகள், விளைவு ஆகியவற்றைக் குறித்து வைத்தல் களப்பணியாளரின் கடமையாகும். பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசாங்கம் 2024ஆம் ஆண்டு நவம்பரில் ஆக்கியது. அதே மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகமும் எல்லா மாநிலங்களையும் அவ்வாறு செய்யும்படி கேட்டுக்கொண்டது. எந்த மலைச்சரிவில் எந்தப் பாம்பு எத்தனை பேரைக் கடிக்கிறது என்ற கணக்கு கிட்டினால்தான், எந்த விஷத்துக்கு எதிராக மருந்தின் வீரியம் அளக்கப்படவேண்டும் என்பதை ஆய்வகத்தார் முடிவு செய்ய இயலும். அக்கணக்கு மூணாற்றிலும் சித்தூரிலும் உள்ள ஊழியரின் குறிப்பேட்டிலிருந்தே செல்லவேண்டும்.